வெளி இணைப்புக்கு 9ஐ அழுத்தவும்

அண்மையில் நண்பர் ஒருவரின் மகளின் திருமணத்துக்காகக் கண்டிக்குச் சென்றபோது இரண்டு இரவுகள் ஹோட்டலில் தங்க நேர்ந்தது. அறையின் கட்டிலோரத்து மேசையில் வடம் பூட்டிய தொலைபேசி ஒன்று இருந்தது. காலை உணவு நேரத்தைக் கேட்பதற்காக எடுத்தால், சுருள் வடத்தின் ஒரு முனை கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே போய்ச் சொன்னேன். சற்று நேரத்தில் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞர் புதிய கருவியொன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். மலையகத்துத் தமிழ்ப் பிள்ளை.

"இதை இப்ப யார் சேர் பாவிக்கிறாங்க? ரிசெப்சனுக்குக்கூட எல்லாரும் வட்ஸ்அப்லதான் கேக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலையை ஆரம்பித்தார். காதில் வைக்கும் பகுதிக்குச் செல்லும் சுருள் வடத்தின் செருகி சிறியது; கருவியிலிருந்து சுவருக்குச் செல்லும் தட்டையான வடத்தின் செருகி அதைவிடச் சற்று அகலமானது. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிடும் தவறு பெரும்பாலும் நிகழ்வதில்லை. இரண்டையும் 'டிக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தினார். பிறகு கருவியின் முகப்பிலிருந்த கண்ணாடித்தாளை நெம்பி எடுத்து, அறை இலக்கம் எழுதிய அட்டையை உள்ளே வைத்து மூடினார். 'வரவேற்பு', 'சலவை', 'உணவு' என்று பெயரிட்ட விசைகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் இலக்கத்தைப் பதியவேண்டியிருந்தது. அந்த விசைகளில் அதிசயம் எதுவும் இல்லை. 'வரவேற்பு' என்பதை நாம் அழுத்தினால் கருவி நமக்காகப் பூச்சியத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்ததும் எடுத்துக் காதில் வைத்து, தொனி வருகிறதா என்று பார்த்து என்னிடம் நீட்டினார்.

அந்தத் தொனியைக் கேட்டதும் எனக்கு 1994ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த பொருளியல் அறிஞர் ஒருவரைப் பேட்டி காண்பதற்காக ஆசிரியபீடத்திலிருந்து என்னை ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுப்பியிருந்தார்கள். பேட்டி நீண்டுவிட்டது. அலுவலகத்துக்குத் திரும்பி எழுதிக்கொடுக்க அவகாசம் இல்லை. முக்கியமான பகுதியைத் தொலைபேசியில் சொல்லிவிடலாமே என்று அவரே தன் அறைத் தொலைபேசியைக் காட்டினார். எங்கள் அலுவலகத்தின் ஆறு இலக்க எண் 432 என்று தொடங்கும். அழுத்தினேன். மூன்று இலக்கங்களை அழுத்தி நான்காவதற்கு விரல் போவதற்குள் மறுமுனையில் மணி ஒலித்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குரல் "ஹலோ" என்றது. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அதே குரல், இம்முறை கோபத்தோடு. மூன்றாவது முறை அவர் பேசியதை இங்கு எழுத முடியாது. அறிஞர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "முதலில் 9" என்றார். நான் எழுப்பிவிட்டது 432ஆம் அறையில் நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை.

அறையின் இலக்கமே தொலைபேசியின் இலக்கம் என்பதையும், ஹோட்டலுக்குள் இருக்கும் தொலைபேசி ஊரின் தொலைபேசி வலையமைப்பைச் சேர்ந்தது அல்ல என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நாம் எடுத்தவுடன் கேட்கும் தொனி ஹோட்டலின் அடித்தளத்தில் எங்கோ ஓர் அறையில் இருக்கும் தனியார் இணைப்பகத்தின் தொனி. 9ஐ அழுத்தினால் கணநேர அமைதிக்குப் பின்னர் இன்னொரு தொனி கேட்கும். அதுதான் ஊரின் தொனி. இரண்டுக்கும் இடையே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவின் கதையைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன். அது வேடிக்கையாகவே முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது.

தொலைபேசி வருவதற்கு முன்னரும் ஹோட்டல் அறையிலிருந்து ஆளை அழைக்க வழிகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய விடுதிகளில் அறைச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கீழே அலுவலகத்தில் மணி ஒலித்து, பலகையில் அந்த அறையின் இலக்கம் தென்படும். பையன் ஒருவன் மாடியேறி வந்து என்ன வேண்டும் என்று கேட்பான். இறங்கிப்போய் அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுவான். ஒரு குவளை நீருக்கு நான்கு முறை படி. இந்த வீண் நடையைக் குறைப்பதற்காக அந்த நூற்றாண்டின் இறுதியில் 'டெலிசீம்' என்றொரு கருவி வந்தது. கடிகார முகம் போன்ற வட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தேவைகள் அச்சிடப்பட்டிருக்கும். வெந்நீர், பத்திரிகை, ஒரு போத்தல் வைன், குதிரைவண்டி எதுவானாலும் முள்ளைத் திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினால் கீழே அதே தேவை தெரியும். பாரிஸின் எலிசே பலஸ் ஹோட்டலில் இது பொருத்தப்பட்டிருந்தது. அச்சிடாத தேவை ஒன்று உங்களுக்கு இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கருவியிடம் விடை இல்லை. மனிதனுக்கு நெருக்கடியில் வரும் தேவை பெரும்பாலும் அச்சிடாத தேவையாகத்தான் இருக்கும்.

உலகின் முதலாவது வணிகத் தொலைபேசி இணைப்பகம் 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் 21 வாடிக்கையாளர்களோடு தொடங்கியது. ஹோட்டல் அறைகளுக்குள் தொலைபேசி நுழைய அதன் பிறகு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 1894இல் நியூயோர்க்கின் நெதர்லாண்ட் ஹோட்டலே அறைகளில் தொலைபேசி வைத்த முதல் விடுதி என்று ஹோட்டல் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அதைச் செல்வந்தரின் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து இறக்கியவர் எல்ஸ்வேர்த் ஸ்டாட்லர். 1908இல் பஃபலோ நகரில் அவர் திறந்த விடுதியில், ஒன்றரை டொலருக்கு அறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார். அறைதோறும் தொலைபேசியும் இருந்தது. வியாபாரப் பயணிகள் மொய்த்தார்கள். அவர் பின்னர் நடத்திய நியூயோர்க்கின் பென்சில்வேனியா ஹோட்டல் 1919இல் திறக்கப்பட்டபோது அதில் 2,200 அறைகள் இருந்தன. அந்த ஹோட்டலின் தொலைபேசி இலக்கமே 1940இல் கிளென் மில்லர் இசைக்குழுவின் ஒரு பாட்டுக்குத் தலைப்பாகி உலகமெங்கும் ஒலித்தது. ஹோட்டல் 2020இல் மூடப்பட்டு, பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டுவிட்டது. பாட்டு இருக்கிறது.

இவ்வளவு அறைகளையும் ஊரோடு இணைத்தவர்கள் பெண்கள். ஹோட்டலின் இணைப்பகத்தில் பலகைக்கு முன்னால் வரிசையாக அமர்ந்து, தலையில் ஒலிவாங்கியோடு, அறைகளின் துளைகளுக்கும் ஊர் இணைப்புகளின் துளைகளுக்கும் இடையே வடங்களைச் செருகிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் தொலைபேசியை எடுத்தால் பலகையில் சிறு விளக்கு எரியும். "என்ன இலக்கம் வேண்டும்?" என்பாள் அந்தப் பெண். காலையில் எழுப்புவதும் அவள்தான். செய்தியை வாங்கி வைப்பதும் அவள்தான். சில வேளைகளில் ஒட்டுக்கேட்டதும் அவள்தான் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு விடயத்தை மறந்துவிடலாகாது. நள்ளிரவில் எவராவது எடுத்து மூச்சுத்திணறலோடு "உதவி" என்று மட்டும் சொன்னாலும் அவளுக்குப் புரியும். எந்த அறை என்பது பலகையில் தெரியும். பொலிஸுக்கும் வைத்தியருக்கும் எப்படிப் போவது என்பது விருந்தினர் அறிந்திருக்கவேண்டிய விடயம் அல்ல. அது அவளுடைய வேலை.

அவளை அகற்றுவதற்கான இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரேத அடக்கச் சேவையாளர். கன்சாஸ் சிற்றியைச் சேர்ந்த அல்மன் ஸ்ட்ரோஜருக்கு, இணைப்பகப் பெண்கள் தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்ததாகக் கதை உண்டு. கதை எப்படியோ, 1891இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லபோர்ட் நகரில் அவரது தன்னியக்க இணைப்பகம் இயங்கத் தொடங்கியதும் உண்மை. வாசகர்களில் பொறியியலாளர்கள் பொறுத்தருள்க. எளிமையாகச் சொன்னால், அவரது வழியில் வளர்ந்த பொறி பத்துப் படிகள் கொண்ட ஒரு சிறு ஏணி. எண்வட்டத்தை ஐந்துக்குச் சுழற்றினால் ஐந்து மின்துடிப்புகள் செல்லும். பொறியின் கை ஐந்தாம் படிக்கு ஏறும். பூச்சியம் என்பது பத்துத் துடிப்பு; எனவே உச்சிப் படி. ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் இந்த ஏணியைப் பொருத்தியபோது, நடுப்படிகள் உள்ளறைகளுக்குப் போயின. உச்சிப்படி இணைப்பாளருக்கு. அதற்கு அடுத்ததான ஒன்பதாம் படியை ஊருக்குச் செல்லும் கம்பிகளுக்கு ஒதுக்கினார்கள். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அதன் செல்வாக்குப் படிந்த நம் போன்ற நாடுகளிலும் 9 வெளியேறும் இலக்கமாக ஆனதன் கதை இதுதான். ஜேர்மனியிலும் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் பூச்சியத்தை அழுத்தி வெளியேறுவார்கள். அங்கு வாழும் நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

பின்னர் மின்னணு இணைப்பகங்கள் வந்தன. அவற்றில் படியும் இல்லை, ஏறும் கையும் இல்லை. எந்த இலக்கத்துக்கு எந்தப் பொருளையும் கொடுக்கலாம். ஆயினும் 9 அகலவில்லை. பழக்கம் ஒரு காரணம். பணம் இன்னொன்று. வெளியே செல்லும் ஒவ்வொரு அழைப்பும் ஒரே வாசலால் சென்றால் அங்கே கணக்குப்பிள்ளையை உட்கார்த்திவைப்பது சுலபம் அல்லவா? அந்தக் காலத்தில் ஹோட்டல்களுக்குத் தொலைபேசி ஒரு நல்ல வருமானம். தொண்ணூறுகளில் லண்டனில் தங்கிய ஓர் இரவில் கொழும்புக்கு மூன்று நிமிடம் பேசினேன். மறுநாள் கட்டிய பட்டியலில் அந்த மூன்று நிமிடம் காலை உணவைவிட விலை கூடியதாக இருந்தது. இதற்கு மாற்றாகத் தமிழ்க் கடைகளில் விற்ற தொலைபேசி அட்டைகளைக் கொண்டுசென்றவர்கள் பலர். அட்டையின் இலவச இலக்கத்துக்கே கட்டணம் அறவிட்ட ஹோட்டல்களும் இருந்தன. ஒரு அழைப்பு முடிந்ததும் தொலைபேசியை வைக்காமல் '#' விசையை அழுத்தி அடுத்த அழைப்புக்குப் போனால் ஒரே கட்டணத்தில் ஊரிலுள்ள உறவினர் எல்லாரோடும் பேசிவிடலாம் என்ற நுட்பத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா.

எங்கள் தொழிலில் இந்த 9க்கு வேறொரு முகமும் இருந்தது. 2002 செப்டெம்பரில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான முதற்சுற்றுப் பேச்சு தாய்லாந்தின் சத்தஹிப்பில் நடைபெற்றபோது நான் அங்கு சென்றிருந்தேன். எழுதியதை அனுப்புவதற்கு இருந்த ஒரே வழி ஹோட்டல் அறைத் தொலைபேசி. கட்டிலை நகர்த்தி, சுவரில் செருகியிருந்த வடத்தைக் கழற்றி, மடிக்கணினியின் மொடெமில் செருகவேண்டும். பிறகு மொடெமுக்கு வெளியேறக் கற்பிக்கவேண்டும். அழைக்கவேண்டிய இலக்கத்துக்கு முன்னால் 9ஐ இட்டு, அதன் பின்னால் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி இலக்கணத்துக்கானது அல்ல. 'இரண்டு விநாடி பொறு' என்பது மொடெமுக்கு அதன் பொருள். 9ஐ அழுத்திய பின்னர் ஊரின் தொனி வரும்வரை காத்திராமல் அவசரப்பட்டால் எஞ்சிய இலக்கங்கள் வெறுவெளியில் விழுந்துவிடும். மனிதனுக்குக் காது இருக்கிறது, இரண்டாவது தொனிக்குக் காத்திருப்பான்; பொறிக்குக் காற்புள்ளிதான் காது. அன்றிரவு நான் இட்ட ஒரு காற்புள்ளி போதவில்லை. இரண்டாக்கினேன், போய்விட்டது. வாழ்க்கையில் நான் இட்ட நிறுத்தற்குறிகளில் மிகப் பயனுள்ளவை அவைதான். கருவியின் பக்கத்திலேயே மொடெமுக்கென்று தனித் துளை வைத்த தொலைபேசிகளும் அக்காலத்தில் இருந்தன. அப்படி இல்லாத இடங்களில் சுவர்த் துளையில் நேரடியாகச் செருகினால், சில டிஜிற்றல் இணைப்பகங்கள் மொடெமையே எரித்துவிடும் என்ற பயம் எப்போதும் இருந்தது.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். ஹோட்டல்கள் வெளியேறும் இலக்கத்தை நிறுவிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஊரின் தொலைபேசியில் அவசர உதவிக்கென்று ஒரு சிறிய இலக்கம் தேவை என்ற எண்ணமும் வளர்ந்தது. அதற்கும் உயிர்களே விலையாயின. 1935 நவம்பர் 10இல் லண்டனின் விம்போல் வீதியில் நேர்ந்த தீ விபத்தில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயைக் கண்டு தொலைபேசியை எடுத்த அயலவர் இணைப்பகத்தின் வரிசையில் காத்திருக்க வைக்கப்பட்டார். அவர் 'த டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் விசாரணைக்கு இட்டுச்சென்றது. 1937 ஜூன் 30இல் லண்டனில் 999 அறிமுகமானது. பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதங்களை அலட்சியமாகப் பார்க்கும் இளம் சகாக்களுக்கு நான் இந்தச் சம்பவத்தை அடிக்கடி சொல்வதுண்டு. அமெரிக்காவில் 911க்கான முதலாவது அழைப்பு 1968 பெப்ரவரி 16இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் எடுக்கப்பட்டது. நமது நாட்டில் பொலிஸுக்கு 119 என்பது பிள்ளைகளும் அறிந்தது. 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு 1990.

சிறிய இலக்கம் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் எந்தத் தொலைபேசியிலிருந்தும் உதவி கிடைக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆனால் ஹோட்டல் அறைக்குள் இருப்பது ஊரின் தொலைபேசி அல்லவே!

2013 டிசம்பர் முதலாம் திகதி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊர். கணவனைப் பிரிந்து வாழ்ந்த காரி ஹன்ட் என்ற இளம்பெண், பிள்ளைகளை அவர்களின் தந்தை சந்திப்பதற்காக மூன்று பிள்ளைகளுடன் அங்குள்ள ஒரு விடுதிக்குச் சென்றிருந்தார். அந்த அறையில் கணவன் அவரைக் கத்தியால் தாக்கினான். மூத்த மகளுக்கு வயது ஒன்பது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து 911ஐ அழுத்தினாள். எதுவும் நிகழவில்லை. மீண்டும் அழுத்தினாள். மொத்தம் நான்கு முறை. தாய் இறந்துபோனார்.

நிகழ்ந்தது என்ன என்பதை இதுவரை வாசித்தவர்கள் ஊகித்திருப்பார்கள். அந்த விடுதியில் வெளியேறும் இலக்கம் 9. பிள்ளை அழுத்திய 911இன் முதல் இலக்கத்தை இணைப்பகம் கதவைத் திறக்கும் சாவியாக எடுத்துக்கொண்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தவை எஞ்சிய இரண்டு 1கள் மட்டுமே. இன்னும் இலக்கங்கள் வரும் என்று ஊரின் இணைப்பகம் காத்திருந்தது. அவள் அழுத்தியிருக்கவேண்டியது 9911. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருக்கமுடியும்? நான் இருபது வயது கடந்தவனாக, பட்டதாரியாக, எந்த ஆபத்தும் இல்லாத ஒரு மாலையில், குளிரூட்டிய அறையில் நின்றுகொண்டு அதே தவறை மூன்று முறை செய்தேன். எனக்கு ஒரு வெள்ளைக்காரரின் ஏச்சோடு போயிற்று.

காரியின் தந்தை ஹாங்க் ஹன்ட், பேத்தி தான் முயன்றும் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று சொன்னதைக் கேட்டு, துயரத்தோடு நின்றுவிடவில்லை. 911ஐ நேரடியாக அழுத்த முடியவேண்டும் என்று இணையத்தில் விண்ணப்பம் ஒன்றைத் தொடங்கினார், இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் அப்போதைய ஆணையாளர்களுள் ஒருவரான அஜித் பாய் 2014 ஜனவரியில் நாட்டின் பத்துப் பெரிய ஹோட்டல் நிறுவனங்களின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் விடுதிகளில் 911ஐ அழுத்தினால் என்ன நடக்கிறது என்று கேட்டார். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவரான பாய் பின்னர் அந்த ஆணைக்குழுவின் தலைவராகி வேறு பல விடயங்களில் கடும் விமர்சனத்துக்கு ஆளானவர். ஆனால் இந்த ஒரு விடயத்தில் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பலரிடம் உடனடி விடை இருக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிர்ச்சியளிப்பது. பல விடுதிகளில் இதைச் சீர்செய்வதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இணைப்பகத்தின் நிரலில் ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தை ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கேட்டவர் எவரும் இல்லை.

டெக்சாஸ் 2015இல் தனது சட்டத்தை நிறைவேற்றியது. காரியின் பெயரைத் தாங்கிய மத்திய சட்டத்தில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2018 பெப்ரவரி 16இல் கையொப்பமிட்டார். ஹேலிவில்லின் முதல் அழைப்புக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த நாள் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 பெப்ரவரி 16 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பல இணைப்புகள் கொண்ட தொலைபேசித் தொகுதியில் எந்த முன்னிலக்கமும் இன்றி 911ஐ அழுத்த முடியவேண்டும். அத்தோடு, அப்படி ஓர் அழைப்பு சென்றால் வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்துக்கு உடனே அறிவிப்பும் செல்லவேண்டும். இந்த இரண்டாவது விதி முக்கியமானது. பொலிஸார் வாசலில் வந்து நின்று எந்த அறை என்று கேட்டால், வரவேற்பாளர் விழிக்கக்கூடாது அல்லவா? அறையின் இலக்கமும் அழைப்போடு சேர்ந்தே செல்லவேண்டும் என்ற வேறொரு சட்டத்தின் விதி, நிலையாகப் பொருத்தப்பட்ட தொலைபேசிகளுக்கு 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பலகைக்கு முன்னால் அமர்ந்திருந்த அந்தப் பெண் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் செய்துகொண்டிருந்ததை மீட்டெடுக்க இரண்டு சட்டங்கள் வேண்டியிருந்தன.

குறைகளும் உண்டு. திகதிக்கு முன்னர் பொருத்தப்பட்ட பழைய தொகுதிகளை மத்திய சட்டம் கட்டுப்படுத்தாது; அவை மாற்றப்படும்வரை காத்திருக்கவேண்டும். தவறான அழைப்புகள் என்ற தொல்லையும் உண்டு. அமெரிக்க ஹோட்டலிலிருந்து இலங்கைக்கு அழைப்பதென்றால் வெளியேற 9, பிறகு 011, பிறகு 94. அவசரத்தில் அந்தப் பூச்சியத்தின் மேல் விரல் சரியாகப் படாமல் போனால் அமைவது 911! ஊரில் தாயோடு பேச விரும்பி அறை வாசலில் பொலிஸைக் கண்ட நம்மவர் எவராவது இருந்தால் எனக்கு எழுதவும். அப்படி நேர்ந்தால் வைத்துவிடாமல், தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்லிவிடுவதே முறை. இந்தத் தொல்லைக்காக நேரடி இணைப்பைத் தவிர்க்கலாம் என்று வாதிட்டவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வீணாக வந்து கதவைத் தட்டும் பொலிஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

கண்டி ஹோட்டல் அறையில் அந்த இளைஞரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அவர் பழைய கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்றை மட்டும் கேட்டேன்.

"தம்பி, இதிலே 119 அழுத்தினால் பொலிஸுக்குப் போகுமா?"

"9 போட்டு 119 அடிக்கணும் சேர்."

"9 போடாமல் அடித்தால்?"

அவர் யோசித்தார். "போகாது. வேற எங்கயாவது..." என்று இழுத்தவர், சொல்லி முடிக்காமல் புதிய தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கி விசையைத் தட்டினார். இரண்டு தடவை ஒன்று, பிறகு ஒன்பது. மணி ஒலித்தது. நான்கு ஒலிப்புக்குப் பின் ஒரு பெண்ணின் குரல் சிங்களத்தில் "ஹலோ, யார் அது?" என்று கேட்டது. பின்னணியில் சிறு பிள்ளை ஒன்று சிரித்தது.

அவர் வரவேற்பிலிருந்து பேசுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வைத்தார். "கீழ் மாடி, 119ஆம் ரூம்" என்றார் என்னைப் பார்த்து. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"மாத்தலாமா?" என்று கேட்டேன்.

"மாத்தலாம் சேர். சிஸ்டத்தில செய்யணும். அந்த ரூமுக்கு வேற நம்பர் குடுக்கணும். பெரியவர்கிட்ட சொல்றேன்."

மறுநாள் காலை திருமண வீட்டுக்குப் புறப்படும்போது, தொலைபேசியின் முகப்பை நெம்பி அந்த அட்டையை வெளியே எடுத்தேன். அறை இலக்கத்துக்குக் கீழே, 'பொலிஸ் 9 119, அம்புலன்ஸ் 9 1990' என்று மூன்று மொழிகளிலும் பேனாவால் எழுதி மீண்டும் உள்ளே வைத்து மூடினேன். சிங்களத்தில் என் கையெழுத்து அவ்வளவு அழகானதல்ல. வாசிக்கலாம்.